கிளென்ஸ்காரி பிரபுவின் வாரிசு

கிளென்ஸ்காரி பிரபு ஓட்ஸ் கஞ்சியை நின்றுகொண்டுதான் குடிப்பார். உப்பு மட்டும், சர்க்கரை போட்டவன் ஸ்காட்லாந்துக்காரனே இல்லை. "ஒக்காந்து குடிச்சா முதுகுல குத்திருவானுங்க" என்பது அவர் சொல்லும் காரணம். குத்தவேண்டிய எதிரிக் குலத்தில் மிச்சமிருப்பவர் மர்டோ ஒருவர்தான். அவர் ஊர்முனையில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிறார். பிரபுவின் பழைய ஜீப் கிளம்ப மறுக்கும்போதெல்லாம் பின்னால் நின்று தள்ளிவிடுபவரும் அவரே.

ஏரியைப் பார்த்த கற்கோட்டை. கூரை முழுக்க ஒழுகல். சொட்டுகிற இடத்தில் வாளி வைப்பது மகள் ஊனாவின் வேலை. அங்கே மாட்டியிருக்கும் பாட்டனாரின் படத்தைக் காய்ந்த சுவருக்கு மாற்றச் சொல்வது பிரபுவின் வேலை. இப்போது பாட்டன்மார் அத்தனை பேரும் சாப்பாட்டறைச் சுவரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம்போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

லண்டன் பிரபுக்கள் சபையில் அவருக்கு ஒரு பரம்பரை நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்த காலமெல்லாம் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். சால்மன் மீனைப் பற்றி. பரம்பரை நாற்காலிகளைச் சட்டம் போட்டு ஒழித்தபோது, "நாடு அனாதையாப் போச்சு" என்றார். நாடு கவனித்ததாகத் தெரியவில்லை. மனைவி எடின்பரோவில் ஒரு பல் மருத்துவரோடு குடித்தனம் நடத்துகிறார். விசாரித்தால், "பல்வலிக்குப் போயிருக்கா" என்பார்.

கோட்டையைச் சுமப்பவள் ஊனா. ஈனத் திணறும் ஆட்டுக்குள் முழங்கைவரை கையை விடுவதும், சரிந்த கூரைக்கல்லை ஏறிச் செருகுவதும், கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை பெருக்குவதும் அவள்தான். "ஊனா ரொம்ப ஒத்தாசை" என்பார் அப்பா, நல்ல வேட்டைநாயைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

பட்டம் ஆண்வழிக்கே போகும். அதை மாற்ற அவரால் முடியாது. நிலத்தை மகளுக்கு எழுதிவைக்கலாம். சட்டம் குறுக்கே நிற்கவில்லை, அவர்தான் நின்றார். "நெலமில்லாத பிரபு, தலையில்லாத தொப்பி மாதிரி" என்று சொல்லிவிட்டு, நியூசிலாந்தில் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கும் தூரத்துப் பங்காளி ஒருவரை, பட்டத்துக்கு அடுத்த வாரிசை, தேடிப் பிடித்தார். பெயர் டெஸ்மண்ட். பிப்ரவரிப் பனியில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு அவர் வந்து இறங்கினார். மதிய விருந்து, பரிமாறுவது ஊனா.

"இவ்ளோ பெரிய எடத்த யாரு பெரியப்பா பாத்துக்கிறாங்க?" என்று கேட்டார் டெஸ்மண்ட்.

"தானா நடக்குது தம்பி. அறுநூறு வருஷமா தானாத்தான் நடக்குது."

மான்கறித் தட்டோடு ஊனா அப்பாவின் தோளருகே நின்றிருந்தாள். காலையில் பனியில் புதைந்த ஆட்டைத் தோண்டியெடுத்த விரல்கள் இன்னும் சிவந்திருந்தன. டெஸ்மண்ட் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தார்.

"பட்டம் தானா வந்து என் தலையில விழுமாம், விழட்டும். நெலம் எனக்கு வேணாம். இவங்களுக்கே எழுதிக் குடுத்துருங்க. ஆட்டுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம்னுகூட எனக்குத் தெரியாது."

பிரபு கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார். இத்தனை வருஷம் ஊனா வாய்விட்டுக் கேட்காததை எங்கிருந்தோ வந்த ஒருவர் கேட்டுவிட்டார். அப்பா நெற்றியைச் சுருக்கி, உண்மையாகவே யோசிக்கிறார்.

கடைசியில் கேட்டார்: "ஒனக்கு மகன் இருக்கான்ல? அவனுக்கு என்ன வயசு?"

ஊனா தட்டைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தாள்.

"ஆடெல்லாம் கீழ்வயல்ல நிக்குதுப்பா. தீனி வைக்கணும்."

"சரி, போய் வை."

"நீங்க வைங்க. இல்லேன்னாலும் தானா நடக்குமே."

டெஸ்மண்டின் காரிலேயே ஒரு பையோடு ஊருக்கு இறங்கிப்போனாள். மர்டோ தன் வீட்டு மாடியறையைத் திறந்துவிட்டார். அன்று சாயங்காலம் மதுக்கடையில் அவர் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது: "எங்க தாத்தன் பூட்டன்லாம் வாளத் தூக்கிட்டுப் போயி செத்தானுங்க, அந்தக் கோட்டையிலேருந்து ஒரு துரும்பக்கூட எடுக்க முடியல. இருந்ததிலேயே ஒசந்தத தொரையே தூக்கிக் குடுத்துட்டாரு!"

அப்பா பட்டினி கிடந்தால் கிடக்கட்டும், ஆடுகள் என்ன பாவம் செய்தன என்று மறுநாள் காலை ஊனா மர்டோவின் வேனில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு மேலே போனாள். ஆடுகள் கீழ்வயலில் இல்லை. படலைத் தள்ளிக்கொண்டு ஏறிவந்து, கோட்டை வாசலில் மந்தையாகத் திரண்டு நின்றன. கதவு திறந்தது. குலத்தின் கட்டம் போட்ட பாவாடையை நீவிவிட்டபடி பிரபு படியின் உச்சியில் வந்து நின்றார். பசித்த மந்தை மொத்தமும் அவரை அண்ணாந்து பார்த்து ஒரே குரலாகக் கத்தியது. அவர் மார்பை நிமிர்த்தினார். இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, போதும் போதும், உட்காருங்கள் என்பதுபோல் அமர்த்தினார்.