மூன்று ஜிப் வைத்த பை

தீபாவளி முறுக்கு மாவு இன்னும் விற்றுத் தீரவில்லை. அதற்குள் யோங் பெங் பேரங்காடியில் இடுப்புயரக் கிறிஸ்மஸ் தாத்தா ஒருவர் வந்து நின்றுவிட்டார். ஜெசிந்தா அக்கா தள்ளுவண்டியை ஓரம் கட்டுகிறார். தாத்தாவின் இரண்டு தோள்களையும் பிடித்து, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைக்கிறார். கடையில் வேலை செய்யும் பெண் ஓடி வந்தால், "பெலும் மாசா லா" என்று மலாயில் ஒரு அதட்டல். இன்னும் நேரம் வரவில்லையாம். பிறகு என் பக்கம் திரும்பி, "நவம்பர்ல என்னா கிறிஸ்மஸ்? நேரம் வரட்டும், நானே வந்து திருப்பி வெச்சிட்டுப் போறேன்" என்கிறார். சொன்னபடியே டிசம்பரில் வந்து திருப்பியும் வைப்பார்.

அக்கா, செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் ஆள் வருகையும் கணக்கும் எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து நிமிடம் பிந்தி வந்தவனைத் திட்டுகிற கிராணிகளை நாம் பார்த்திருக்கிறோம். இவர் முந்தி வந்தவனையும் வெளியே நிற்க வைத்தவர். அவருடைய அறுபதாம் பிறந்த நாளுக்கு எங்கள் ஆலயப் பாடகர் குழு ஒரு நாள் முன்னதாகவே கேக் வாங்கிப் போனது. கேக்கைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு எங்களுக்கு வெறும் தேநீர் கொடுத்து அனுப்பினார். மறுநாள் போனவர்களுக்குத்தான் கேக் கிடைத்தது.

அவர் தோளில் எப்போதும் ஒரு கறுப்புப் பை தொங்கும். மூன்று ஜிப். முதல் ஜிப்பில் செபமாலையும் மூக்குக் கண்ணாடியும், இரண்டாவதில் இரத்த அழுத்த மாத்திரை. மூன்றாவது ஜிப், நேரம் வராத பொருட்களுக்கு. எங்கள் ஆலயத்துக் குழந்தை இயேசு நவம்பர் முதல் கிறிஸ்மஸ் வரை அங்கேதான் இருப்பார். குடில் எழும், மாதா வருவார், சூசையப்பர் வருவார், ஆடு மாடெல்லாம் வந்துவிடும். கொட்டிலின் நடுவிலுள்ள தொட்டியில் மட்டும் வைக்கோல் காலியாகக் கிடக்கும். கிறிஸ்து பிறப்புத் திருப்பலிக்கு முன்னால் அங்கே பாலனை வைக்கக் கூடாது. எந்தப் பிள்ளையாவது ஆசைப்பட்டு ஒரு பொம்மையை வைத்துவிட்டால், அக்காவின் கை அதை எடுத்துப் பைக்குள் போட்டுவிடும். வாய் பாட்டுக்கு வேறு யாரிடமோ வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்.

"அக்கா, உங்க கை தனியா வேலை செய்யுது" என்று சிரிப்பாள் பிரேமலா. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரி, தையல்காரி, இந்து. ரவிக்கைத் துணி மிச்சத்தில் எங்கள் குடிலின் இடையர்களுக்கு அங்கி தைத்துக் கொடுப்பவள். கிறிஸ்மஸ் திருப்பலி முடிந்ததும் மகள் ரூபினியைக் கூட்டிக்கொண்டு வந்து, பாலனின் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பிவேலிதான். அதன் மேலாகப் பாத்திரங்கள் போய் வரும். காலியாகத் திரும்பிய பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது.

போன வருடம் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி வந்து இதையெல்லாம் கெடுத்தது.

குடில் கட்டும் போட்டி. கிறிஸ்மஸுக்கு ஒளிபரப்புவதை நவம்பரிலேயே ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடிக் கூடத்தில் படம் பிடித்தார்கள். அக்கா தலைமை, நான் பசை தடவுகிறவன். போய் இறங்கிய பிறகுதான், முழுக்கத் துணியாலேயே செய்த குடிலோடு பிரேமலாவும் வந்திருப்பது தெரிந்தது. "என்கிட்ட பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டு எனக்கே போட்டியா?" என்று அக்கா பசை டப்பாவிடம் கேட்டார். பிரேமலா முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அக்கா வரவிட்டிருக்க மாட்டார் என்பதும் உண்மை.

போட்டிக்கு எங்கள் பாலன், ஆயர் ஈத்தாம் ஊர்க் குயவரிடம் சொல்லிச் செய்வித்த களிமண் பாலன், உள்ளங்கை நீளம். நவம்பரில் பாலனைத் தொட்டியில் வைப்பதா என்று அக்கா இயக்குநரிடம் கால் மணி நேரம் சண்டை போட்டார். ஒளிபரப்பாகிற அன்றைக்குக் கிறிஸ்மஸ்தானே என்று அவர் கெஞ்சிய பிறகு, "சரி லா, டிவிக்காக" என்று இறங்கி வந்தார். நான் பாலனைத் தொட்டியில் கிடத்திவிட்டுக் கைகழுவப் போனேன். அக்கா ஒப்பனை முடிந்து வந்து, முகத்தில் பூசிய மாவைப் பற்றி யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டே சூசையப்பரின் கோலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். நான் திரும்பி வந்தபோது நடுவர்கள் குடில் முன்னால் நின்றிருந்தார்கள். தொகுப்பாளினி லோஷினி ஒலிவாங்கியை நீட்டி, "ஆண்ட்டி, பேபி எங்க?" என்றாள்.

தொட்டி காலி.

அதன் பிறகு நடந்தது துப்பறியும் நாடகம். ஆடுகளைத் தூக்கிப் பார்த்தார்கள். மாட்டைக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு நடுவர் மேசைக்கடியில் தவழ்ந்தார். காவலாளி, அலங்காரத்துக்கு நின்ற கிறிஸ்மஸ் தாத்தாவின் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். உள்ளே இருந்தது முழுக்கக் கசக்கிய செய்தித்தாள். அக்காவோ விசாரணை அதிகாரியாகவே மாறிவிட்டார். யார் வந்தது, யார் நின்றது, யார் கையில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டே போனவர் கடைசியில் பிரேமலாவைப் பார்த்து விரலை நீட்டினார். "இவதான் வந்தா. கத்தரிக்கோலு வேணும்னு வந்தா. எடுத்திருந்தா இவதான் எடுத்திருப்பா."

பிரேமலா பதறவில்லை. "அக்கா, உங்க பேக்கைப் பாருங்க" என்றாள்.

"என் பேக்கையா? என்னையா திருடிங்கிறே?"

தலை நரைத்த கோயில்காரம்மாவின் பையைத் திறக்க யாருக்குக் கை வரும்? அதற்குப் பதில் பிரேமலாவின் கூடையைக் கேமரா முன்னால் கவிழ்த்தார்கள். பொத்தான்கள், நூல்கண்டுகள், மகளுக்குக் கட்டி வந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம். இயக்குநருக்கு வாயெல்லாம் பல். இன்னொரு கோணத்திலிருந்து அதே வசனம் வேண்டும் என்றார். அக்கா மறுபடியும் விரலை நீட்டினார். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக வந்தது. பரிசு, கிளிஞ்சலால் குடில் கட்டிய மெர்சிங் ஊர்க்காரருக்குப் போயிற்று.

கிறிஸ்மஸுக்கென்று சொன்னதை டிசம்பர் தொடக்கத்திலேயே ஒளிபரப்பினார்கள். அதில் பிரேமலாவின் முகத்தை மெதுவாக ஓடவிட்டு, தலைக்கு மேல் ஒரு கேள்விக்குறியும் போட்டு, பின்னணியில் உறுமி அடித்திருந்தார்கள். அந்தத் துண்டு எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்தது. ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள், "மிச்சத் துணியைக் குடுத்துடு பிரேமலா, நீ பாட்டுக்கு வெச்சுக்கப் போறே" என்று சிரித்தார்கள். பள்ளி வேனில் ரூபினிக்குப் "பேபி திருடி மக" என்று பெயர் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கிறிஸ்மஸுக்கு முந்தின இரவு. ஃபாதர் மூன்று ஊருக்கு ஓட வேண்டியிருப்பதால் எங்கள் நள்ளிரவுத் திருப்பலிக்கு நள்ளிரவு எட்டு மணிக்கே வந்துவிடும். இந்த ஒன்றில் மட்டும் அக்காவின் கடிகாரம் வாயை மூடிக்கொள்ளும். நான் குடிலின் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசிக்கிறவன். பாலனை எடுக்க அக்கா மூன்றாவது ஜிப்பைத் திறந்தார். உள்ளே இரண்டு பாலன்கள் படுத்திருந்தார்கள். ஆலயத்தின் பழைய சுண்ணாம்புப் பாலன், கால்விரல் உடைந்தவர். அவரை ஒட்டி ஆயர் ஈத்தாம் களிமண் பாலன். அன்றைக்கு அக்காவின் வாய் டிவிக்குச் சம்மதித்திருக்கிறது, கை சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான். நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சுண்ணாம்புப் பாலனை எடுத்துக்கொண்டு ஜிப்பை மூடிவிட்டார். அந்த வருடம் பாலனைக் கும்பிடும் வரிசையில் பிரேமலா இல்லை.

"அவகிட்ட சொல்லிடுங்க அக்கா" என்றேன், மறுநாளே.

"சொல்றேன் லா. பெருநாள் முடியட்டும்."

பெருநாள் முடிந்தது. மூன்று ராஜாக்கள் திருநாளும் போகட்டும் என்றார். அவர்களும் போனார்கள். தவக்காலத்தில் அழுகை எதற்கு என்றார். ஈஸ்டர் கழிந்து கேட்டபோது, முகத்தில் ஒரு தெளிவோடு, "ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். ஆண்டவரே மன்னிச்சிட்டாரு" என்றார்.

"பிரேமலா?"

"அதுக்கு இன்னும் நேரம் வரல."

முந்தி வந்தவனை வெளியே நிறுத்தத் தெரிந்தவருக்கு, பிந்திப் போன ஒரு வார்த்தையை உள்ளே விடத் தெரியவில்லை. நானே நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க டிவி பாக்கலியா?" என்று என்னையே கேட்டார்கள். பிரேமலாவிடமும் போய்ச் சொன்னேன். அவள் தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. அவங்க கையை எனக்குத் தெரியாதா? ஊரு பேசட்டும். ஆனா இந்த ரூபினி ஒரு நாளு கேட்டுட்டா, 'நெசமா நீ எடுக்கலியாம்மா'ன்னு. நான் இல்லேன்னேன். சரின்னு தலையாட்டுனா. நம்பல. எனக்குத் தெரியும், நம்பல. அதுக்குத்தான் அவங்க வாயால வரணும்."

கம்பிவேலிக்கு மேலே அந்த வருடம் ஒரு பாத்திரமும் போய் வரவில்லை. அக்கா மட்டும் தம் வழக்கங்கள் ஒன்றையும் விடவில்லை. இந்த நவம்பரிலும் தாத்தா சுவரைப் பார்த்தார்.

இந்தக் கிறிஸ்மஸுக்குப் பிரேமலா வந்தாள். ரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் பின்னால், வரிசையின் கடைசியில் நின்றாள். கோவிட் வந்ததிலிருந்து எங்கள் ஆலயத்தில் பாலனுக்கு முத்தம் கிடையாது, பாதத்தைத் தொட்டுக் கும்பிடுவதுதான். பாலனை ஏந்தி நிற்பவர் அக்கா. ஒருவர் தொட்டதும் ஈரத்தாளால் பாதத்தை ஒரு தடவை துடைப்பார். கைக்குழந்தை தொட்டாலும் ஃபாதர் தொட்டாலும் ஒரே ஒரு தடவை.

பாலனை எடுத்த அவசரத்தில் மூன்றாவது ஜிப் பாதி திறந்தே கிடந்தது. பை ரூபினியின் கண்ணுக்கு நேராகத் தொங்கியது. உள்ளேயிருந்து களிமண் பாதம் ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அக்காவுக்கும் தெரிந்தது. வாய் திறந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வாய் மூடிக்கொண்டது.

பிரேமலா சுண்ணாம்புப் பாலனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அக்கா, ஜிப் தொறந்திருக்கு" என்று மெதுவாகச் சொல்லி, தானே ஒரே இழுப்பில் மூடிவிட்டு, மகளோடு வாசலைப் பார்த்து நடந்தாள்.

அக்கா ஈரத்தாளை எடுத்து அவள் தொட்ட பாதத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். வரிசையில் அதற்குப் பிறகு யாருமே இல்லை, அவர் துடைத்துக்கொண்டே நின்றார்.