வெர்லின் குடைந்த ஏழு துப்பாக்கிகள்

என் தங்கை லெனோராவைக் கட்டிய வெர்லின் குரோஃப்ட் ஆறு வருஷத்தில் மூன்று தொழில் பார்த்தவன். தேனீ வளர்த்தான், ரேடியோ ரிப்பேர் செய்தான், கிணறு தோண்ட இடம் காட்டினான். எதிலும் அவனுக்குக் கை ஓடியதில்லை, வாய்தான் ஓடியது. அறுபத்தொன்றாம் வருஷம் ஏதோ பத்திரிகையைப் படித்துவிட்டு, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் குழியைக் குடைகிற கருவி ஒன்றைத் தபாலில் வரவழைத்தான். அன்றிலிருந்து ஐடஹோ மலைகளில் அவனை விட்டால் மேதை கிடையாது.

விஷயம் இவ்வளவுதான். அந்தக் குழியைச் சற்று அகலமாகக் குடைந்துவிட்டு, சாதாரணத் தோட்டாவை வைத்துச் சுட்டால், பித்தளைக் கூடு உப்பிப் புதுக் குழியின் வடிவத்துக்கு வந்துவிடும். அந்தக் கூட்டில் மறுபடி வெடிமருந்து அடைக்கும்போது கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். குண்டும் கொஞ்சம் வேகமாகப் போகும். ஆனால் முதலில் குழலைக் கழற்றி, லேத்தில் ஏற்றி, ஒரு மரை அளவு பின்னுக்குத் தள்ளி உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் தோட்டா குழிக்குள் ஆடும். ஆடுகிற கூடு வெடிக்கும்போது அடியோடு அறுந்துபோகும்.

எங்கள் ஊரில் அதற்குத் தோதான லேத் ஒன்றே ஒன்றுதான். ஈயச் சுரங்கத்தின் பட்டறையில் இருந்தது. அதை ஓட்டியவன் நான். வெர்லின் ஒரு குழலைக்கூட என்னிடம் கொண்டுவரவில்லை.

"மச்சான், தோட்டாவுக்கு நம்ம பேரையே வச்சுட்டேன். குரோஃப்ட் இம்ப்ரூவ்டு! எப்படி?"

"பிரமாதம் மாப்ளே," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கூடுகளை உப்ப வைக்க, குண்டுக்குப் பதிலாகக் கஞ்சிக்கு வாங்கும் கோதுமை ரவையை அடைத்து, வாயை மெழுகால் மூடி, வானத்தைப் பார்த்துச் சுடுவான். அதில் தப்பில்லை, பலரும் செய்வதுதான். இவன் அதை லெனோராவின் துணிக்கொடிக்குப் பக்கத்தில் நின்று செய்வான். ஈரச் சட்டைகளில் ரவை ஒட்டிக் காயும். "காத்து மாறிடுச்சு" என்பான், காற்றே இல்லாத நாளிலும்.

ஓடைக்கு மேலே மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஐனெஸ் பார்லோ, தன் துப்பாக்கியின் பிடியில் விழுந்த விரிசலை ஒட்ட அவனிடம் போனாள். வருஷா வருஷம் ஒரு எல்க் மானைச் சுட்டுக் குளிர்காலத்தைத் தள்ளுகிறவள். அந்தத் துப்பாக்கிக்கு வேறு ஒரு குறையும் இல்லை.

"அக்கா, இது கிழட்டுக் கழுதை. விட்டுட்டுப் போங்க, குதிரையாக்கித் தர்றேன்."

"கடைத் தோட்டா இதுல போகுமா?"

"தாராளமா! அதானே இதோட அழகே."

அக்டோபரில் முதல் பனி விழுந்த வாரம், சரிவில் நின்ற ஒரு எல்க் கடாவைக் குறிவைத்துக் கடைத் தோட்டாவைச் சுட்டாள். கூடு இரண்டாக அறுந்தது. நெருப்புப் புகை பின்பக்கமாகச் சீறி அவள் புருவத்தைப் பொசுக்கியது. மூக்குக் கண்ணாடி இருந்ததால் கண் தப்பியது. மான் மேட்டைத் தாண்டி நடந்தே போயிற்று.

மறுநாள் துப்பாக்கியோடு நேரே பட்டறைக்கு வந்தாள். சிக்கியிருந்த பாதிக் கூட்டை எடுத்துவிட்டு அளந்தேன்.

"குழலைப் பின்னுக்குத் தள்ளவே இல்லை," என்றேன்.

"அதுக்கு உன்கிட்டதான் வந்திருக்கணுமா, தம்பி?"

"ஆமா."

"வரலைன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயைத் திறக்கல."

உண்மைதான். அவன்மேல் எனக்கு அவ்வளவு இளக்காரம். எப்போது கவிழ்வான், எப்போது சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். அவன் குடைந்ததைக் கன்னத்தில் வைத்துச் சுடப்போவது வேறு யாரோ என்பதை வசதியாக மறந்திருந்தேன்.

இருவரும் வெர்லின் கொட்டகைக்குப் போனோம். அங்கே மூன்று பேர் குடையக் கொடுக்கத் தங்கள் துப்பாக்கிகளோடு நின்றிருந்தார்கள். அறுந்த கூட்டைப் பார்த்ததும் வெர்லின் உதட்டைப் பிதுக்கினான்.

"மட்டமான பித்தளை அக்கா. இதுக்கு நான் என்ன பண்றது?"

"அப்ப உன் துப்பாக்கியைக் கொண்டா. அதுவும் இதே ரகம்தானே? இதே பெட்டித் தோட்டாவைச் சுட்டுக் காட்டு," என்றாள் ஐனெஸ்.

"அதுக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கேனே..."

லெனோரா உள்ளே போய் அதை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். விளக்கடித்துப் பார்த்தேன். கம்பெனி எப்படி அனுப்பியதோ அப்படியே இருந்தது. அவன் கருவி அதைத் தொட்டதேயில்லை.

"உன்னோடதை ஏன் மாப்ளே குடையல?"

"அதான் நல்லாச் சுடுதே மச்சான், அதை எதுக்குப் போயி..."

நான் அவ்வளவு நாள் காத்திருந்த நேரம் அது. சிரிப்பு வரவில்லை. மூன்று பேரும் தங்கள் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

அவன் குடைந்தவை மொத்தம் ஏழு. ஏழு சனிக்கிழமை செலவழித்து ஒவ்வொன்றையும் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்தேன். இடையில் நான் சுட்ட மானில் பாதியை ஐனெஸ் வீட்டுக்குக் கொண்டுபோனேன். "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. குளிரு வருது, அதான் வாங்கிக்கிறேன்," என்று கதவைச் சாத்தினாள்.

வெர்லின் இரண்டு மாதம் தலைகாட்டவில்லை. இப்போது முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, ஒரு பொம்பளை மட்டமான தோட்டாவைப் போட்டு அருமையான துப்பாக்கியைக் கெடுத்த கதையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறான். அவர்களும் தலையாட்டுகிறார்கள்.