படிக்கத் தெரியாமல் வேதம் வாசித்த நாட்கள்

என் வேதப் புத்தகத்தில் எப்போதும் மரத்தில் உறைந்த ரப்பர் பாலின், அந்த ஒட்டுப்பாலின் நாற்றம் அடிக்கும். கையை எத்தனை முறை கழுவினாலும் போகாத நாற்றம்...

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள், நண்பர்களே. கடல் தாண்டி வந்து சேர்ந்த சீமையில், சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்து, மரம் மரமாகப் பால் வெட்டிச் சுமந்து கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பினால், சோறு பிசையக்கூடக் கை எழும்பாது.

அந்த அசதியிலும் சாயங்காலம் வாசலில் சாக்கு விரித்துப் புத்தகத்தைத் திறப்பேன். எங்கள் லயத்தில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன். ஐந்தாறு பேர் வந்து கேட்பார்கள்.

எனக்கோ ஓர் எழுத்தும் தெரியாது.

மாதம் ஒருமுறை சைக்கிளில் வரும் உபதேசியார் வாசிப்பதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நாலு வசனம் சொன்னதும் ஒரு பக்கம் திருப்புவேன். கையில் புத்தகம் இல்லாவிட்டால் பால்வெட்டுக்காரன் பேச்சை எவன் கேட்பான் என்ற பயம்...

ஒரு நாள் பக்கத்து வீட்டு வீராயி, ஊரிலிருந்து வந்த கடிதத்தோடு எதிரே உட்கார்ந்தாள். மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவள் அவள். பிள்ளைக்குப் பெரியம்மை கண்டிருப்பதாக முன்பே தகவல் வந்திருந்தது.

"படிச்சுச் சொல்லுங்கண்ணே. புள்ள இருக்கா, இல்லையா?"

கடிதம் என்றால் 'எல்லாரும் சுகம்' என்றுதான் தொடங்கும். அதைச் சொல்லிவிடலாம். வாயைத் திறந்துவிட்டேன்... அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாது, தங்கச்சி."

கேட்க வந்திருந்தவர்களில் ஒருவர், "அப்ப எங்கள ஏமாத்துனியா மச்சான்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

நானும் வீராயியும் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கு நடந்தோம். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே நின்றோம். வழியெல்லாம் நான் ஜெபித்தேனா, வெட்கப்பட்டேனா, தெரியவில்லை. கிராணி படித்துச் சொன்னார். பிள்ளை பிழைத்துவிட்டது. ஒரு கண் போய்விட்டது. வீராயி அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். உயிர் இருக்கிறதே என்றும் அழுதாள், கண் போயிற்றே என்றும் அழுதாள்.

அதன்பின் சாக்கு விரிக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து அவளே வந்து வாசலில் நின்றாள்.

"அப்ப இம்புட்டு நாளும் சொன்னது?"

"மனசுல இருந்தது, தங்கச்சி."

"அப்படின்னா சொல்லுங்க. கேக்கிறேன்."

கடைசிவரை அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போவதை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

இப்போது கிழவனாகி, ஜெலாப்பாங் ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வருஷம்தான் எழுத்துப் படித்தேன். ஒரு வசனத்தைக் கூட்டிப் படிக்க அரை மணி நேரம் ஆகிறது, ஆனாலும் அவ்வளவு சந்தோஷம்! ஞாயிற்றுக்கிழமைகளில் சபையார் தரும், வசனம் அச்சடித்த தாள்களை வீடு வீடாகக் கொண்டுபோகிறேன். இரும்புக் கதவு இடுக்கில் கை நீட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். கால் வலிக்கிறது.

உட்கார்ந்து ஏதாவது கேட்க மாட்டார்களா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடக்கிறேன்...