கைகட்டி மிஸ்ஸும் ஒரே ஒரு எண்ணும்

அந்த அறிவியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கைகட்டி மிஸ். ரோபோ வகுப்பில் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். ஒயர் புகைந்தாலும் சரி, சக்கரம் கழன்று உருண்டாலும் சரி, தொடமாட்டார். "ஏன் நின்னுச்சு? நீங்களே கண்டுபிடிங்க." பதினோரு வருஷமாக இதே பாட்டு. மின்சாரப் பாடத்தை நெட்டுருப் போட்ட பிள்ளைகள் அந்த அறைக்குள் வந்தால் பேட்டரியைக் கழற்றி மாட்டி, ஏன், எப்படி என்று சண்டை போடுவார்கள்.

இந்த வருஷம் தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். "போட்டியில ஜெயிச்சா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா பரீட்சை கோச்சிங்குக்குக் குடுத்துடுவேன். வருத்தப்படாதீங்க." வருத்தப்படக் கூடாதாம்!

போட்டியன்று காலை ஒத்திகையில் ரோபோ தரையிலிருந்த கறுப்புக் கோட்டைப் பிடித்து ஒழுங்காக ஓடியது. கடைசி வளைவில் மட்டும் கோட்டை விட்டு வெளியே பாய்ந்தது. மூன்று முறையும் அப்படியே. குழுத்தலைவி சரியான வாயாடி. நோட்டில் எதையோ கிறுக்கிவிட்டு, "சாப்பிட்டு வந்து பாத்துக்கலாம் மிஸ்" என்று மற்றவர்களை இழுத்துக்கொண்டு போனாள்.

மிஸ் மட்டும் ரோபோவோடு நின்றார். அறை போய்விடுமே! சுற்றும்முற்றும் பார்த்தார். கட்டிய கை அவிழ்ந்தது. மடிக்கணினியில் வேகத்தை அறுபதிலிருந்து நாற்பத்தைந்தாகக் குறைத்தார். ஒரே ஒரு எண், அவ்வளவுதான்.

திரும்பி வந்த குழுத்தலைவி கணினியைத் திறந்து பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டியில் ரோபோ அந்த வளைவை அலுங்காமல் தாண்டியது. அரங்கமே கைதட்டியது. நடுவர் புரோகிராமைப் பார்த்துவிட்டு, எல்லாக் குழுவிடமும் கேட்பதைத்தான் கேட்டார். "கடைசியா மாத்துனது எது? யாரு மாத்துனீங்க?"

குழுத்தலைவி நிமிர்ந்தாள். "வேகம் சார். நாங்க மாத்தல."

பெரியவர்கள் கைவைத்தால் குழு வெளியே. அதுதான் விதி.

திரும்பும் பஸ்ஸில் குழுத்தலைவி மிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டைத் திறந்து நீட்டினாள். 'வேகம் அதிகம். 45 வெச்சுப் பாக்கணும்' என்று காலைக் கிறுக்கலில் இருந்தது.

மிஸ் அதை இரண்டு முறை படித்தார். "இதை நடுவர்கிட்டக் காட்டியிருக்கலாமேம்மா..."

"மாத்துனது நான் இல்லையே மிஸ்." நோட்டை வாங்கிக்கொண்டே கேட்டாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்களா?"

பாவி மனசு, அப்படித்தானே நினைத்தது!

அடுத்த வாரம் அந்த அறைக்குள் கோச்சிங் பெஞ்சுகள் இறங்கின. மிஸ் பழக்கதோஷத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். இனிமேல் கட்டி என்ன புண்ணியம்!