அந்த அம்மா அவித்த உருளைக்கிழங்கு

தொண்ணூறுகளில் ஒரு கோடை. ரொறன்ரோவுக்கு வடக்கே, காட்டுத்தீயில் ஒரு மாட்டுப்பண்ணையின் வேலியெல்லாம் எரிந்துபோனது. புது வேலி போட உதவுவதற்கு எங்கள் சங்கத்திலிருந்து ஐந்து பேர் வான் வண்டியில் புறப்பட்டோம். சோறு கட்டிக்கொண்டு போவோமென்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“உதவி செய்யப் போறவைக்கு அவை சாப்பாடு தரமாட்டினமே?” என்றார் தலைவர் சிவமண்ணை.

தந்தார்கள். மத்தியானம் வரை கம்பி இழுத்துக் களைத்து உட்கார்ந்தபோது, பண்ணைக்காரரின் மனைவி பெரிய சட்டியைத் தூக்கிவந்தார். கன்றுகளைத் தீயிலிருந்து இழுத்தெடுத்ததில் வெந்த கைகளில் துணி சுற்றியிருந்தது.

“மாட்டிறைச்சியோ? ஐயோ, எனக்கு வேண்டாம்!”

அண்ணை தட்டைத் தள்ளினார். மற்றவர்களும் தள்ளினார்கள். மாட்டுப்பண்ணையில் வேறென்ன சமைப்பார்கள்? நான்தான் இங்கிலீசில் இழுத்திழுத்து விளங்கப்படுத்தினேன். அந்த அம்மா உள்ளே போய், அந்தக் கைகளாலேயே உருளைக்கிழங்குக்குத் தோல் சீவத் தொடங்கினார். கத்தியைக் கேட்டேன். விருந்தாளி வேலை செய்யக்கூடாதென்று தர மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் அண்ணை ஏப்பம் விட்டார்.

“நல்ல மனுசி. கிழங்குக்குத்தான் உப்புக் காணாது.”

அன்றிலிருந்து யாருக்கு உதவப் போனாலும், முதலில் என் சாப்பாட்டைக் கட்டிக்கொள்கிறேன்.