ஜுனைதா விழாத மரம்

கட்டா மீன் கருவாட்டின் முதுகில் பெருவிரலை வைத்து அழுத்துகிறார் ஜுனைதா ராத்தா. அழுத்திய இடம் குழிந்தால் அந்த மீன் மறுபடியும் வெயிலுக்குப் போகும். “மேல காஞ்ச மாதிரித்தான் இரிக்கும் நானா. உள்ள ஈரம் நிண்டா ஒரு கிழமையில புழுத்துப் போகும்” என்று குருநாகலிலிருந்து வந்த வியாபாரிக்குச் சொல்கிறார். வியாபாரி அவசரப்படுகிறார். “அவசரமெண்டா அந்தா கடல். ஈரத்தோட நிறைய மீன் இரிக்கி” என்கிறார் ராத்தா முகம் மாறாமல்.

எத்தாளையில் கருவாடு காயப்போடும் அவருடைய வாடியைத் தெரியாதவர்கள் இல்லை. வயது ஐம்பத்துநான்கு. இடது கால் இரண்டு விரல் அளவு குட்டை. அந்தக் கால் செருப்பின் அடியில் டயர்த் துண்டொன்றை வைத்துத் தைத்திருக்கிறார். சில வருடங்களாக இடுப்பு மூட்டில் தாங்க முடியாத வலி. “கதிரையில குந்திக்கிட்டுத் தொழலாம். கதிரையில இருந்து கருவாடு பிரட்ட ஏலாதே” என்பார். ஒப்பரேஷன் செய்து செயற்கை மூட்டு வைத்துக்கொள்ள அவர் முடிவெடுத்தது இதனால்தான்.

கால் எப்படி இப்படியானது என்று கேட்டால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும்: ஏழு வயதில் கஜு மரத்திலிருந்து விழுந்தது. உண்மை வேறு. காய்ச்சல் வந்து, மூட்டில் சீழ் கட்டி, ஆஸ்பத்திரியில் கிழித்தெடுத்து, நாலு மாதம் படுக்கையில் கிடந்தார். எலும்பில் நோயென்றால் யார் பெண்ணெடுப்பார்கள் என்று கலங்கிய உம்மா, பின்னாளில் கணவரான அலியார் பெண் கேட்டு வந்த அன்று பேச்சில் அந்த மரத்தை நட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருட இல்லறத்தின் நடுவில் அது அசையாமல் நின்றது. தழும்பைப் பார்த்தும் கணவருக்குச் சந்தேகம் வரவில்லை. முறிந்த எலும்புக்கும் கத்தி வைப்பார்கள்தானே.

கிளினிக்குக்கு ராத்தாவுக்குத் துணையாக அலியாரோடு, பக்கத்து வீட்டிலிருக்கும் நானும் போயிருந்தேன். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெகுநேரம் பார்த்தார். “இது முறிஞ்ச எலும்பு மாதிரி இல்லையே. சின்ன வயசில சீழ் பிடிச்சதா? மறைக்காமச் சொல்லுங்க. பழைய கிருமி மிச்சமிருந்தா வைக்கிற புது மூட்டும் பழுதாப் போகும்.”

ராத்தாவின் கண் ஒரு கணம் கணவர் பக்கம் போனது. டொக்டர் அதைக் கவனித்துவிட்டார். “நானா, கொஞ்சம் வெளியில இருக்கிறீங்களா?” என்று அலியாரைக் கேட்டார்.

“அவர் இரிக்கட்டும்” என்றார் ஜுனைதா ராத்தா. “மரமும் இல்ல, ஒண்டும் இல்ல டொக்டர். சீ புடிச்சிக் கிழிச்சது. கலியாணம் பேசக்குள்ள உம்மா மாத்திச் சொன்னா. நானும் பேசாம இருந்துட்டன்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராத்தாவுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அலியார் எத்தாளை வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

மூட்டுக்குள்ளிருந்த நீரை ஊசியால் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று இரண்டு கிழமை வைத்துப் பார்த்தார்கள். வாடிக்கு வந்த பெண்களுக்கு ராத்தாவே விளக்கம் சொன்னார்: “உள்ள ஈரம் நிக்கிதா எண்டு பாக்கிறாங்க. நான் செய்யிற வேலதான். அவங்களுக்குப் பெருவிரல் பத்தாது, ஊசி வேணும்.” அந்த இரண்டு கிழமையும் அலியார் கடலுக்குப் போனார், வந்தார், வைத்ததைச் சாப்பிட்டார். கோழிகளோடு பேசிய அளவுக்குக்கூட மனைவியோடு பேசவில்லை.

கிருமி இல்லையென்று முடிவு வந்தது. ஒப்பரேஷனுக்கு நாளும் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் பின்னேரம் வார்டில், பக்கத்துக் கட்டில் பெண் கேட்டாள்: “கால் என்னத்தால ராத்தா?”

“சின்னதில சீ புடிச்சது.”

“உங்கட மனிசன் வரல்லயா?”

“வருவார். கோவத்தையும் தூக்கிக்கிட்டு வாறாரே, சுணங்கும்தானே.”

பார்வையாளர் நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது அலியார் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

“கலியாணம் முடிச்ச மாசமே நம்மட வளவில நிண்ட கஜு மரத்த வெட்டினன்” என்றார். “நீ பாத்துப் பயப்புடுவா எண்டு. நல்லாக் காய்ச்ச மரம்.”

ஜுனைதா ராத்தா இரண்டு கைகளாலும் தன் இடது காலைத் தூக்கி ஓரமாக நகர்த்தி, கணவர் உட்காரக் கட்டிலில் இடம் விட்டார்.