எங்கள் காம்பவுண்டில் ஓர் எரிமலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை செம்பூரில் எரிமலை வந்துவிட்டது. அதுவும் எங்கே? எங்கள் ஃப்ளாட் சொசைட்டி காம்பவுண்டில்!

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அங்கே நின்றிருந்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்காது.

நாலைந்து நாளாக விடாத மழை. அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. காபி கலந்துகொண்டிருந்தேன். கீழே ஒரே கூச்சல். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தால்... கேட்டுக்கும் கார்கள் நிற்கும் இடத்துக்கும் நடுவே சிமென்ட் தரை நீளமாக விரிசல் விட்டிருக்கிறது. அதிலிருந்து வெள்ளைப் புகை. குப்... குப்... என்று விட்டு விட்டு வருகிறது. உள்ளே ஏதோ கொதிக்கிற சத்தம் வேறு!

இறங்கி ஓடினேன். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் அங்கே ஆஜர். ஷிப்பிங் கம்பெனியில் ரிட்டயர் ஆனவர். அதற்கப்புறம் ஊருக்கே லெக்சர் கொடுப்பதுதான் வேலை.

"இந்தப் பம்பாயே எரிமலைக் குழம்பு மேலதான் நிக்கறது, தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். தமிழ்க்காரர்களுக்குத் தமிழில், மற்றவர்களுக்கு ஹிந்தியில்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்க நெருப்புக் குழம்பாக ஓடியிருக்கிறது. ஆறி இறுகி அடுக்கடுக்காகக் கறுப்புப் பாறை ஆனது. தினம் லோக்கல் ட்ரெயினில் போகிறோமே, தண்டவாளத்தில் கொட்டியிருக்கும் ஜல்லி இருக்கிறதே... அதுவும் அந்த ஜாதிக் கல்தான்.

எரிமலை எப்படி வருகிறது? பூமிக்கு வெகு ஆழத்தில் பாறை உருகுகிறது. உருகிய பாறை சுற்றியிருக்கும் பாறையைவிட லேசு. அதனால் மேலே ஏறும். வழியில் எங்கேயாவது தேங்கும். அதில் வாயுக்கள் கரைந்திருக்கும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி நுரைத்துப் பொங்கும். குழம்பு நீர்க்க இருந்தால் வழிந்து ஓடும். கெட்டியாக இருந்தால் வாயு வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே வெடி!

வெடித்தால் சாம்பல் பறக்கும். அடுப்புச் சாம்பல் இல்லை. பொடிந்த பாறை, கண்ணாடித் துகள். கூரையில் குவிந்தால் கூரை இறங்கிவிடும். விமான எஞ்சினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொள்ளும். மூச்சில் போனால் நெஞ்சைக் கெடுக்கும். எல்லாம் அடங்கிப் பல காலம் கழித்து அதே மண்ணில் பயிர் செழித்து வளரும். நம் மகாராஷ்டிராவின் கரிசல் மண் அந்தக் கறுப்புப் பாறை மக்கி வந்ததுதான்.

இத்தனையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். எல்லாம் சரி. கடைசியில் ஒன்று சேர்த்தார் பாருங்கள்...

"இங்க மலை எதுவும் வெடிக்கலை. குழம்பு வெளியில வந்தது தரையில விட்ட விரிசல் வழியாத்தான். இதோ, இந்த மாதிரி!"

போதாதா? அதெல்லாம் அணைந்து கோடிக்கணக்கான வருஷம் ஆயிற்று என்று சொல்ல மனுஷருக்கு மறந்துவிட்டது. வாய் பார்த்துக் கேட்க ஆள் கிடைத்தால் எந்தப் புருஷனுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரிகிறது?

பத்து நிமிஷத்தில் மொத்த பில்டிங்கும் கீழே. ஒருத்தர் கையில் நகைப் பெட்டி. ஒருத்தர் கையில், பழைய பில்டிங்கை இடித்துப் புதிதாகக் கட்டித்தர பில்டர் போட்ட ரீடெவலப்மென்ட் அக்ரிமென்ட். "பில்டரே அனுப்பின எரிமலையோ என்னமோ" என்றார் ஒருத்தர். எங்கள் செக்ரட்டரி, மராத்திக்காரர், வாஷியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போக முடிவே பண்ணிவிட்டார். காரில் பெட்டி, மூட்டை, மிக்ஸி எல்லாம் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறார். ஆனால் எப்படிப் போவது? விரிசலைத் தாண்டித்தானே கேட்!

வெளியே வராதது ஒரே ஒரு வீடு. கிரவுண்ட் ஃப்ளோர் முத்துலட்சுமி. திருநெல்வேலிக்காரி, தாராவியில் பல வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவள். அவள் புருஷன் செல்லத்துரைக்கு நுரையீரல் கெட்டுப்போய், ராப்பகலாக ஆக்சிஜன் மெஷின். மெஷின் கரன்ட்டில் ஓடுகிறது. அவரை விட்டுவிட்டு அவள் எங்கே ஓடுவாள்?

இதற்குள் இரண்டாவது மாடி ஜெயா மாமி ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வந்துவிட்டாள்.

"பூமாதேவி கோச்சிண்டிருக்கா. குளிரப் பண்ணினா அடங்கிடுவா" என்றாள்.

யாரும் தடுக்கவில்லை. நானும்தான். அடங்கினால் நல்லதுதானே என்று மனசு சொன்னது. மாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் கால் வைத்தாள். குடத்தை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"யக்கா! மாமிய நிக்கச் சொல்லுங்க! நிக்கச் சொல்லுங்கக்கா!"

முத்துலட்சுமியின் அலறல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அது எரிமலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. கரன்ட்டு! பொகை குப்புனு வாரப்பல்லாம் இங்க மெஷினு லைட்டு மங்குது. நான் அப்பத்துல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். தண்ணிய ஊத்திராதீய!"

அப்போதுதான் என் மூக்கே வேலை செய்தது. ரப்பர் கருகும் நாற்றம்! கேட் பக்கத்து மீட்டர் ரூமிலிருந்து எங்கள் வீடுகளுக்கு வரும் கேபிள் அந்தத் தரைக்கு அடியில்தான் போகிறது. கேபிள் எரிந்து, மழைத் தண்ணீர் கொதித்து ஆவியாக வருகிறது. அதன் மேல்தான் மாமி வெறுங்காலோடு குடத்தைக் கவிழ்க்கப் போனாள்.

"மாமி, அப்படியே பின்னால வாங்கோ!" என்று கத்தினேன். மாமி குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

வாட்ச்மேன் சுவரோரமாகத் தண்ணீர் படாமல் மீட்டர் ரூமுக்கு ஓடினான். மெயின் ஸ்விட்சில் கை வைத்தான். அங்கிருந்தே முத்துலட்சுமியைத் திரும்பிப் பார்த்தான். எல்லோருமே அவளைத்தான் பார்த்தோம்.

ஸ்விட்சை இறக்கினால் மெஷின் நின்றுவிடும்.

"பாபி... மெஷின்?" என்று ஹிந்தியில் அண்ணி போட்டுக் கேட்டார் செக்ரட்டரி.

"பந்த் கரோ!" என்றாள். "நிறுத்துங்க, சீக்கிரம்!"

கரன்ட் போனது. புகை மெள்ள மெலிந்தது.

நான் அவள் வீட்டுக்குள் ஓடினேன். கட்டிலோரம் ஒரு சின்ன சிலிண்டர். அதன் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, ஏறக்குறைய காலி. நிரப்பின சிலிண்டர் மான்குர்த்திலிருந்து வர வேண்டும். போன் போட்டால், ரோட்டில் முழங்கால் தண்ணீர், டெம்போ நகரவில்லை என்கிறான் கடைக்காரன். ஆம்புலன்ஸும் "வந்துண்டே இருக்கு" கதைதான். செல்லத்துரையின் உதடு நீலம் பாரித்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று முத்துலட்சுமி அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

அப்போது வெளியே தடதடவென்று சத்தம். செக்ரட்டரி தன் காரிலிருந்து பெட்டிகளை இழுத்து இழுத்து ஈரத்தரையில் போடுகிறார். மிக்ஸி ஒரு பக்கம், மூட்டை ஒரு பக்கம். அவர் மனைவி தானே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். ஓடிப்போகத் தயாராக இருந்த கார் அது ஒன்றுதானே!

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் செல்லத்துரையைத் தூக்கி வந்தார்கள். சிலிண்டரை என் வீட்டுக்காரர் மார்போடு அணைத்துக்கொண்டு கூடவே நடந்தார். கண் முழுக்க அந்த மீட்டர் முள் மேலேயே. பின் சீட்டில் ஏற்றினோம், முத்துலட்சுமியும் ஏறிக்கொண்டாள். கார் விரிசல் மேல் ஏறி, இறங்கி, கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

சிக்னலில் சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம். நல்லவேளை, அடுத்த திருப்பத்தில் ஆஸ்பத்திரி. பிழைத்தார்.

சாயங்காலம் பார்க்கப் போனேன். வார்டில் அவர் தூங்குகிறார். வெளியே பெஞ்சில் முத்துலட்சுமி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கரன்ட்டுன்னு சொன்னா மெயினை அணைச்சுடுவாங்கன்னு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்க்கா. அதான் மொதல்ல வாயே வரல. சொல்ல வந்து சொல்ல வந்து முழுங்கிட்டேன். பொகை தானா அடங்கிராதான்னு பாத்தேன்."

"அப்புறம்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். இது ஒரு கேள்வியா என்பதுபோல.

"மாமி தண்ணிக்குள்ள கால வச்சிட்டாவல்லா!"